மதினி தேர்ந்தெடுத்த இரட்டைக்குழல்

நான் தேனியில் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். அங்கே வீடுகள் ஒன்றின் சுவரில் ஒன்று சாய்ந்து நிற்கும். அடுத்த வீட்டில் யாராவது தும்மினால் எங்கள் வீட்டில் கேட்கும். வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கல்யாணமாகி உத்தமபாளையத்துக்கு வந்தபோது, ஊருக்கு வெளியே, ஆற்றங்கரைத் தென்னந்தோப்பின் நடுவில் எங்கள் வீடு மட்டும் தனியாக நின்றது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடும் இல்லை. கிழக்கே மேகமலை, மேற்கே கேரளத்து மலை, நடுவில் பச்சை வயல். அழகுதான். ஆனால் பொழுது சாய்ந்தால் நான் வாசலைத் தாண்ட மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மேகமலையில் ஏலத்தோட்டம் இருந்தது. மாதத்தில் பாதி நாள் அங்கேதான். வீட்டில் நானும் அவருடைய அக்காளும். சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர் அவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். வயல், தோப்பு, ஆட்கள், மாடு எல்லாம் அவர் கையில். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். அந்தக் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது.

நான் வந்த மறு வருஷம், எங்களுடையது போலவே தனியாக இருந்த இன்னொரு தோப்பு வீட்டில் கொள்ளைக்காரர்கள் புகுந்தார்கள். அந்த வீட்டம்மாளை நான் பிறகு பார்த்தேன். தண்டட்டியைக் கழற்ற நேரமில்லாமல் காதோடு இழுத்திருக்கிறார்கள். இரண்டு காதுமடலும் பிளந்து, மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் என்னையறியாமல் என் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தேன். மதினி மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் வந்தார்கள், எதைப் பிடித்து ஏறினார்கள், நாய் என்ன ஆயிற்று.

கோம்பை நாய் வைத்திருந்தார்களாம், புலியையே எதிர்க்கும் சாதி. முதல் நாளே யாரோ விஷம் கலந்த கறியைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி என்னிடம், "ஏத்தா, நீ உள்ள போயி எல்லாக் கதவையும் சாத்திக்க. நான் கூப்புட்டாலும் தெறக்காத" என்றார். ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். வாசல் கதவு ஆடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. உலையில் அரிசி போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மதினி. சேலையை வரிந்து கட்டியிருந்தார். தலையெல்லாம் வைக்கோல்.

"வைக்கப்போர் மேல ஏறுனேன். அங்கன இருந்து கூரை. கூரையில இருந்து இங்கன" என்றார். மூச்சு வாங்கியது. "திண்டுக்கல் பூட்டு வாங்கி முன்வாசல்ல தொங்க விட்டுட்டு நாம நிம்மதியாத் தூங்கியிருக்கோம்."

நாற்பதைத் தாண்டிய பெண், சொந்த வீட்டுக்குள்ளேயே திருடனைப் போலக் குதித்து நிற்கிறார். நான் அவர் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அதற்குப் பிறகு வீடு மாறத் தொடங்கியது. வைக்கோல் போர் களத்துக்குப் போனது. கூரையை ஒட்டி வளர்ந்திருந்த முருங்கையை வெட்டினார்கள். கொல்லர் வந்து முற்றத்தின் மேல் சாண் இடைவெளியில் இரும்புக் கம்பிகளைச் சுவரில் பதித்தார். கதவுகளுக்கு உள்ளே குறுக்குக்கட்டை வந்தது. கோம்பைக் குட்டி ஒன்றை வாங்கி, வெளியாள் கையால் தின்னாதபடி மதினியே பழக்கினார்.

ஒவ்வொன்று முடிந்ததும் மதினி சுற்றி வந்து பார்ப்பார். கடைசியில் ஒரு நாள் தம்பியிடம் சொன்னார்: "இதெல்லாம் அவனுகளக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். அம்புட்டுத்தான். அந்தக் கொஞ்ச நேரத்துல நாம என்ன செய்யப் போறோம்? ஒரு துப்பாக்கி வேணும்."

என் வீட்டுக்காரர் தன் பேரில் லைசென்சு கேட்கலாம் என்றார்.

"நீ மலையில இருப்ப. ஒம் பேர்ல உள்ள துப்பாக்கிய நான் தொட்டா அதுவே குத்தம். எம் பேர்லதான் கேக்கணும்."

மனு எழுதிப் போட்டோம். தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். "பொம்பளைக்குத் துப்பாக்கி கொடுத்தா, வர்ற திருடன் அதையும் பிடுங்கிட்டுப் போவான். அவனுக்கு நாங்களே கொடுத்த மாதிரி ஆயிரும்" என்றார்.

மதினி கோபப்படவில்லை. "நீங்க சொல்றது நெசந்தான். நானும் அதத்தான் யோசிச்சேன். வந்து பாருங்க" என்று அவரை நெல் வைக்கும் உள்ளறைக்கு அழைத்துப் போனார். அதற்கு ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் தன் இடுப்பில் இருக்கும் என்று காட்டினார். அதிகாரி கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். குறுக்குக்கட்டையைத் தூக்கிப் பார்த்தார். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "ஒங்க அக்கா எங்க தாலுகா கஜானாவக் காட்டிலும் பந்தோபஸ்தா வச்சிருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார். மதுரைக் கலெக்டர் ஆபீசிலிருந்து லைசென்சு வந்து சேர்ந்தது.

மூவரும் போடி ரயிலில் மதுரைக்குப் போனோம். துப்பாக்கிக் கடை என்று ஒன்றை அன்றுதான் பார்த்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதற்குள் வரிசையாகக் குழல்கள். எண்ணெய் வாசம். கோயில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது.

கடைக்காரர் முதலில் நாட்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். குழலின் வாய்வழியே வெடிமருந்து போட்டுக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். மதினி கெட்டித்துக் காட்டச் சொன்னார். அவர் காட்டி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிட்டார்.

"ஒரு வேட்டுப் போட்டுட்டு, அடுத்ததுக்கு அவனக் காத்திருன்னு சொல்ல முடியுமா?" என்று மதினி அதைத் தள்ளி வைத்தார்.

அடுத்தது ரைபிள். அந்தக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார்.

"மைல் கணக்கில் போகும்மா. மண்சுவரைத் துளைச்சிட்டுப் போகும்" என்றார் கடைக்காரர் பெருமையாக.

"எங்க வயல்ல எந்நேரமும் ஆளுக நடமாடுவாக. வேணாம்."

என் வீட்டுக்காரருக்கு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி மேல் கண். பக்கவாட்டில் வெள்ளிபோல மினுங்கும் கொடி வேலைப்பாடு, வழுவழுப்பான உடம்பு, சுத்தியல் எல்லாம் உள்ளுக்குள் மறைந்திருந்தது. மதினி அதைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பழைய மாதிரியைக் காட்டினார். அதில் காது போல இரண்டு சுத்தியல்கள் வெளியே தெரிந்தன. "இது எதுக்கு?"

"அதைப் பின்னால் இழுத்தாத்தான் வெடிக்கும். பழைய மாடலும்மா."

"அப்ப, வெடிக்கத் தயாரா இருக்கா இல்லையான்னு தூரத்துல இருந்தே பாத்தாத் தெரியும்."

"தெரியும்."

மதினி என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். நான் முழுகாமல் இருப்பதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். "இதையே குடுங்க" என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குழலை மடித்துத் தோட்டாவைப் போட்டுப் போட்டு எடுத்தார். முதலில் தோட்டா தரையில் உருண்டது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குனிந்து எடுத்து மறுபடி போட்டார். விரலுக்குப் பழகிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. துப்பாக்கியின் அடிக்கட்டை அவர் கைக்கு நீளமாக இருந்ததால் கடைக்காரர் ஆசாரியைக் கூப்பிட்டு, தோளில் வைத்து அளந்து, அறுத்துக் குறைத்துக் கொடுத்தார்.

சுடக் கற்றுக்கொடுத்தவர் அடுத்த தோப்பு ராவுத்தர். மதினி அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். காட்டுப்பன்றியை விரட்ட அவரிடமும் துப்பாக்கி இருந்தது. ஆற்றங்கரை மேட்டில் ஒரு உடைந்த பானையைக் கவிழ்த்துவிட்டு, "தங்கச்சி, தோள்ல இறுக்கி வச்சுக்கங்க. இல்லாட்டி கழுத மாதிரி ஒதைக்கும்" என்றார்.

மதினி விசையை இழுத்தார்.

அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது. நெஞ்சுக்கூட்டில் கேட்டேன். வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. பானை இருந்த இடத்தில் பானை இல்லை. வயல்களில் இருந்த கொக்குகள் அத்தனையும் ஒரே வெள்ளையாக எழும்பின. அதோடு முடியவில்லை. சத்தம் மேகமலைக்குப் போய் முட்டித் திரும்பி வந்து, எங்கள் தலைக்கு மேலே கடந்து, மேற்கு மலையில் முட்டி, மறுபடி கிழக்கே உருண்டது. ஆகாயத்தில் யாரோ பெரிய தேர் இழுப்பதுபோல. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு நிமிஷம் எங்களைத் திரும்பிப் பார்த்தது என்றே எனக்குத் தோன்றியது.

மதினி துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு அந்த ஓசை அடங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு ராவுத்தரைப் பார்த்து, "அண்ணே, அடுத்தடுத்து ரெண்டு வேட்டுக் கேட்டா வருவீகளா?" என்றார்.

"வராம? தொழுகையில இருந்தாலும் முடிச்ச கையோட ஓடியாந்துருவோம்."

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. வேலையாட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்ததால் என் வீட்டுக்காரரும் போனார். நான் நிறைமாதம். எனக்குத் துணையாக மதினி நின்றுவிட்டார்.

உச்சி வெயில். வாய்க்கால் கரையில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. சில ஆட்கள். தேங்காய் வாங்க வந்திருப்பதாகவும் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றும் ஒருவன் வாசலில் குரல் கொடுத்தான். நாய் குரைக்காமல் அடித்தொண்டையில் உறுமியது.

மதினி உள்ளேயிருந்தே, "தேங்கா வெட்டு முடிஞ்சிருச்சு. தண்ணி வாய்க்கால்ல ஓடுது, குடிச்சுக்கங்க" என்றார்.

 பிறகு வண்டிச் சக்கரம் சுவரை ஒட்டி உரசியது. மதினி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "வண்டி மேல ஏறி வாரானுக. நீ உள்ளறைக்குள்ள போ ஆத்தா."

நான் போனேன். ஆனால் கதவைச் சாத்தவில்லை, கை வரவில்லை. மதினி சாவியை எடுத்ததையும், குழலை மடித்ததையும், தோட்டாக்கள் உள்ளே இறங்கியதையும் பார்த்தேன். கடையில் பார்த்த அதே விரல்கள். தலைக்கு மேலே ஓடுகள் நொறுங்கின. முற்றத்தின் விளிம்பில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. மீசை சரியாக முளைக்காத முகம். அதற்குப் பின்னால் இன்னொருவன் கடப்பாரையைக் கம்பிக்குள் நுழைத்தான்.

மதினி முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். இரண்டு சுத்தியல்களையும் பின்னால் இழுத்தார். அந்தச் சிறிய ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எறங்கிப் போயிருங்க தம்பி" என்றார். வேலையாளிடம் பேசும் அதே குரல்.

கடப்பாரைக்காரன் இளையவனைப் பார்த்துச் சிரித்தான். "அது வெறும் குழலு. நீயும் பிடிச்சு நெம்புடா."

மதினி குழலை அந்த முகங்களிலிருந்து விலக்கி, கம்பிகளுக்கு நடுவே வெறும் வானத்துக்கு நேராக உயர்த்திச் சுட்டார். நான்கு சுவருக்குள் அந்தச் சத்தம் வீட்டையே தூக்கிப் போட்டது. உத்தரத்துத் தூசியும் புகையும் கொட்டின. இரண்டாவது வேட்டு. மலைகள் இரண்டும் மாறி மாறி அதை எடுத்துச் சொல்லத் தொடங்கின. வெளியே மாடுகள் மிரண்டு வண்டியோடு தெறித்து ஓடின. கீழே நின்றவர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். கடப்பாரைக்காரன் குதித்துத் தப்பினான். இளையவன் சறுக்கி, ஓடுகளோடு சேர்ந்து வெளியே இருந்த துவைகல்லின் மேல் விழுந்தான்.

ராவுத்தரும் அவருடைய ஆட்களும் துப்பாக்கியும் அரிவாளும் கம்புமாக வந்து சேர்ந்தபோது அவன் கால் ஒடிந்து அங்கேயே கிடந்தான். மதினி மறுபடி தோட்டா போட்ட துப்பாக்கியோடு அவனுக்கு எட்டத்தில் நின்றிருந்தார்.

"தங்கச்சி, போதும். எங்கிட்டக் குடுங்க" என்றார் ராவுத்தர்.

மதினி கொடுக்கத்தான் நினைத்தார். விரல்கள் திறக்கவில்லை. நான்தான் பக்கத்தில் போய், ஒவ்வொரு விரலாக நீவி விரித்தேன். சில்லென்று இருந்தன. சுத்தியல்களைப் பதமாக இறக்கிவிட்டுத் தோட்டாக்களை உருவியது ராவுத்தர்.

அன்று பொழுது சாயும்போது, போலீஸ்காரர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, நான் கேட்டேன்: "மதினி, அவனுக எறங்காம இருந்திருந்தா?"

அவர் கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்தார். "மூணாவது தோட்டா அவனுக்குத்தான் ஆத்தா. அது எனக்கு நல்லாத் தெரிஞ்சிருச்சு. அப்பிடித் தெரிஞ்சதுதான் நடுக்குது."

பிடிபட்டவன் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தான். உத்தமபாளையம் கோர்ட்டில் அந்தக் காதறுந்த அம்மாளும் கூண்டில் நின்றவர்களை அடையாளம் சொன்னார். வீட்டில் துப்பாக்கி இருப்பது தங்களுக்கு முன்பே தெரியும் என்றும், ஆம்பளை இல்லாத நாளில் அது சுவரில்தான் தொங்கும் என்று நினைத்ததாகவும் அந்தப் பையன் சொன்னான். எல்லோருக்கும் தண்டனை கிடைத்தது.

அந்தத் திருவிழா முடிந்த மறு மாதமே எனக்குப் பெண் பிறந்திருந்தாள். வருஷா வருஷம் லைசென்சைப் புதுப்பிக்கத் துப்பாக்கியை ஆபீசில் காட்ட வேண்டும். மதினி தனியாகத்தான் போவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். துணியுறைக்குள் இருந்த துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஏறிய ஆண்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், அப்புறம் மரியாதையாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மதினி அதையெல்லாம் கவனிக்கவில்லை. வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. எந்த வயலில் நாற்று முந்தியிருக்கிறது, எதில் தண்ணீர் போதவில்லை என்று எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.