சோப்பு பாட்டிலில் ஊற்றிய தண்ணீர்

நாலு வருடம் இருக்கும். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் களைகட்டி, தென்காசி முழுக்கச் சாரல். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸ். என் வாய்க்குப் பயந்தே எல்லாரும் சுத்தமாக இருப்பார்கள். அதில் எனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

சுரண்டைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் குறை மாதத்தில் ஆண் குழந்தை. தலைச்சன் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம். பிள்ளையைத் தொட வரும்போதெல்லாம் அவளைப் படுத்தி எடுத்துவிடுவேன்.

"ஏட்டி, கை கழுவுனியா? முழங்கை வரைக்கும் சோப்பு போடணும்னு எத்தன தரம் சொல்லுதேன்?"

பாவம், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். "இந்தா, இன்னொரு தரம் கழுவிட்டு வாரேன் சிஸ்டர்" என்று திரும்பிப் போவாள்.

வார்டு வாசலில் வாஷ்பேசின் மேல் இருந்தது அந்த சோப்பு பாட்டில். அமுக்கினால் சோப்பு வரும். தீரப்போகிற சமயம் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குவேன், அதன் மேலேயே புது சோப்பை ஊற்றுவேன். வீட்டில் ஷாம்புவுக்கு நாம் எல்லாரும் செய்வதுதானே! பாட்டிலைக் காலி செய்து கழுவிக் காயவைத்ததாக ஞாபகமே இல்லை. அதன் கழுத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ வழவழவென்று படிந்திருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். சீசன் நேரம், குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது, அந்தக் கறை என்று விரலால் துடைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அந்த வாரம் மூன்று குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்புக்கு ஆகாமல் போனது. பால் இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. டாக்டர் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். கூடவே வார்டில் இருந்த சாமான்களையெல்லாம் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சையும் அனுப்பச் சொன்னார். முடிவு வருவதற்குள் அவள் பிள்ளை போய்விட்டான்.

துணியில் சுற்றி அவளிடம் நீட்டியது நான்தான். வாங்கப் போனவள் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கை கழுவிட்டு வரணுமா சிஸ்டர்?"

அழுதுவிட்டேன்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. குழந்தைகளின் ரத்தத்திலும் சோப்பு பாட்டிலிலும் ஒரே கிருமி. செரேஷியா என்று பெயராம். மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது, தண்ணீர் கலந்த சோப்பிலும் பெருகுமாம். லேப் தட்டில் குங்குமம் சிந்தியதுபோல் சிவப்பாக வளர்ந்திருந்தது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மருந்தை மாற்றியதில் மற்ற இரண்டு குழந்தைகளும் பிழைத்துக்கொண்டன. அவளிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான்.

அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னைப் பார்த்து ஓடிவந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நீங்க படிச்சுப் படிச்சுத்தான் சொன்னீங்க சிஸ்டர். நான்தான் ஒழுங்கா கை கழுவல போல. அதான் புள்ள தங்கல."

உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. "சீ, அப்படிலாம் இல்லட்டி. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். சுரண்டை பஸ் வரவும் ஏறிப் போய்விட்டாள்.

இப்போது எங்கள் வார்டில் பாட்டில் காலியானால் குப்பைக்குத்தான் போகும், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட முடியாது. அதனால் என்ன? அத்தனை தடவை அந்த சோப்பால் கழுவ வைத்தவள் நான். அதைச் சொல்லத் தைரியமில்லாமல், பெற்றவளைத் தன் கையையே சந்தேகப்பட விட்டுவிட்டேன்.