தட்டில் விழுந்த ஸ்பூன்

அன்று வீட்டில் நான். என் மனைவி. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் அவள் தம்பி. வேறு யாரும் இல்லை. பகல் பதினொரு மணி.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறேன். ராத்திரி ஷிப்ட். ஜெயங்கொண்டத்தில் ஒருவர் பள்ளிக்கூட வேன் வைத்திருக்கிறார். லாரியை விட்டு இறங்கியதும் காலையில் அதை ஓட்ட வரச் சொன்னார். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனைவிக்கு இஷ்டமில்லை.

"சோத்துல கைய வெச்சிக்கிட்டே தூங்குறீங்க. நீங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போவப் போறீங்களா?"

"கண்ணை மூடியிருந்தேன். தூங்கல."

"அப்ப குறட்டை விட்டது யாரு, தட்டா?"

தம்பி சிரித்தான். "சண்டை எதுக்கு? பாத்துடுவோம். அக்கா, அந்தத் தட்டையும் ஒரு ஸ்பூனையும் எடு."

கட்டிலில் படுக்கச் சொன்னான். கையை வெளியே நீட்டி, விரல் நுனியில் ஸ்பூன். கீழே தரையில் சில்வர் தட்டு. தூக்கம் வந்தால் விரல் தளரும். ஸ்பூன் விழும். அதுவரை எத்தனை நிமிஷம் என்று செல்லில் பார்ப்பான்.

"கால் மணி நேரம் தாண்டுனா பரவால்ல மாமா. அஞ்சு நிமிஷத்துக்குள்ள விழுந்துச்சுன்னா உடம்பு தூக்கத்துக்குத் தவிக்குதுன்னு அர்த்தம்."

விடக் கூடாது என்றுதான் படுத்தேன். தட்டு சத்தம் போட்டது.

"நான்தான் விட்டேன். கை வலிச்சுது."

"சரி மாமா. உங்க துண்டு எங்க?"

நெஞ்சின் மேல் கிடந்த துண்டு மனைவி கையில் இருந்தது. எப்போது எடுத்தாள், தெரியவில்லை. செல்லைக் காட்டினான். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. தூக்கம் வரும் அந்த நொடியைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். விழித்துக் காத்திருந்தேன். பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. மூன்றாம் தடவையும் அப்படியே.

"லாரி ஓட்டுறப்ப இப்படி வருமா மச்சான்?"

"வரும். கண்ணு தொறந்தே இருக்கும். மூளை மட்டும் ரெண்டு மூணு செகண்டு அணைஞ்சு எரியும். உங்களுக்குத் தெரியாது."

கல்லைக் கொட்டும் இடத்தில் நடைக்கு ஒரு சீட்டு தருவார்கள். போன வாரம் என் கணக்கில் எட்டு நடை. சட்டைப் பையில் ஒன்பது சீட்டு. கூடுதலாகக் கொடுத்துவிட்டாய் என்று சீட்டுக்காரனிடம் சண்டை போட்டேன். "போண்ணே, நீதான் கொண்டாந்து கொட்டுன" என்றான். ஒரு நடை நான் ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

இன்னொன்றும் கேட்டேன். விடியற்காலை நாலு மணிக்குத் தினமும் குளிரும். காற்று என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். சுரங்கத்தில் எல்லா டிரைவரும் அப்படித்தான்.

"காத்து இல்ல மாமா. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அந்த நேரத்துக்குச் சூட்டைக் குறைச்சித் தூங்கச் சொல்லும். நீங்க கண்ணாடிய ஏத்தி அதுக்கு மெத்தை போட்டுக் குடுக்குறீங்க."

"பகல்ல தூங்கித்தானே எந்திரிக்கிறேன்?"

"வெளிச்சம் பட்டா அதே கடிகாரம் எழுப்பி விட்டுடும். பாதித் தூக்கம்தான் கிடைக்கும். வேன் ஓட்டுனா அதுவும் போச்சு."

மனைவி எழுந்தாள். செல்லை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

வேன்காரருக்குப் போன் போட்டேன். "திங்கக்கிழமை வரலைங்க."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? நான் ஆளுக்கு எங்க போவேன்?"

"லாரிய விட்டா வரேன். ரெண்டும் முடியாது."

"ஊர்ல எல்லாரும் ரெண்டு வண்டி ஓட்டுறாங்கண்ணே."

"ஓட்டட்டும். வேன்ல எத்தனை புள்ளைங்க வருது?"

"வரலன்னுட்டீங்க. அப்புறம் அது எதுக்கு?"

"சொல்லுங்க."

ஊர் ஊராக, வாய்விட்டு எண்ணினார்.

பதினெட்டு.