இடது பக்கத்து சீட்

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பிலவேந்திரனுக்குக் கார் ஓட்ட வராது. கல்யாணமான புதிதில் மச்சான் ஆண்டனி ராஜ் தன் ஜீப்பில் உட்கார வைத்துப் பழக்கிப் பார்த்தார். ஆண்டனி ராஜ் கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். மலைப்பாதையின் வளைவெல்லாம் அவருக்குக் கைரேகை மாதிரி. ஆனால் பிலவேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் ரோட்டை விட்டுவிட்டு, ஓரத்து வாழைத்தோப்பில் குலை எப்படித் தள்ளியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் ஜீப் அந்தத் தோப்புக்குள்ளேயே போய் நின்றது.

"மாப்ள, நீங்க திராட்சையப் பாருங்க. வண்டிய எந் தங்கச்சி ஓட்டட்டும்" என்றார் ஆண்டனி ராஜ்.

அந்தத் தங்கச்சிதான் ரோசம்மாள். அண்ணனிடம் கல்யாணத்துக்கு முன்பே வண்டி ஓட்டப் பழகியிருந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. ஷெரின் பிறந்து மூன்று வயதானபோது, உத்தமபாளையத்தில் ஒரு டாக்டர் விற்ற வெள்ளை மாருதி 800ஐ வாங்கினார்கள். அந்தக் காலத்தில் கம்பம் ரோட்டில் சேலை கட்டிய பெண் கார் ஓட்டிப்போனால் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். இடது பக்கத்து சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் பிலவேந்திரனையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். "டீச்சர் ஓட்டுறாக, சம்சாரி காத்து வாங்குறாரு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. அவர் சிரித்துக்கொள்வார். காற்று வாங்கியது உண்மைதான் என்பது அவர் நினைப்பு.

பதினோரு வருசம் அந்தக் கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, கம்பத்துக்கு, வெயில் தாங்காத மே மாதத்தில் குமுளிக்கு. பின்சீட்டில் ஷெரின் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வருவாள். காலடியில் ஒரு கூடைத் திராட்சை எப்போதும் இருக்கும். கார் முழுக்கப் பழுத்த பன்னீர்த் திராட்சை வாசமும் வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசமும் கலந்து கிடக்கும்.

பிறகு ஒரு வருசம் பழம் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழமெல்லாம் கொடியிலேயே வெடித்தது. போதாததற்குக் காற்றடித்துப் பாதிப் பந்தல் கல்தூணோடு சாய்ந்தது. பந்தலை நிமிர்த்த வேண்டுமானால் காரைக் கொடுத்தாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று பிலவேந்திரன் நாலைந்து நாள் சாப்பிடாமல் திரிந்தார். ரோசம்மாளே ஒரு காலையில் சாவியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் டிபன்பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் போய்வந்தே பணி ஓய்வும் பெற்றாள். ஷெரின் கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை தன் பெரிய காரில் இருவரையும் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனார். ஷெரின் முன்சீட்டில், ரோசம்மாளும் பிலவேந்திரனும் பின்சீட்டில். ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, படுக்கை மாதிரி சொகுசு. திண்டுக்கல் தாண்டி முன்னால் போன லாரி சட்டென்று மெதுவானது. அப்போது பிலவேந்திரன் தற்செயலாகக் கீழே பார்த்தார். ரோசம்மாளின் வலதுகால், செருப்புக்கு வெளியே வந்து, காரின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. லாரியைக் கடந்ததும் கால் மெல்லத் தளர்ந்தது. அடுத்த வளைவில் மறுபடி அழுத்தியது. மாப்பிள்ளை பாட்டுக்குத் தலையாட்டியபடி ஓட்டிக்கொண்டிருந்தார். பிலவேந்திரன் வேளாங்கண்ணி வரைக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு போனார்.

ஊர் திரும்பியதும் ஆண்டனி ராஜைப் போய்ப் பார்த்தார்.

"மச்சான், ஒரு மாருதி 800 வேணும். பழசா இருந்தாலும் நல்லா வச்சிருந்த வண்டியா இருக்கணும்."

"யாருக்கு மாப்ள?"

"உங்க தங்கச்சிக்கு. அவளுக்குத் தெரிய வேணாம்."

"இந்தக் காலத்துல அந்த வண்டியா? புதுசு ஒண்ணு தவணையில எடுத்துருவம்."

"புதுசு வேணாம். அவளுக்குக் கைப்பழக்கம் அதுலதான."

இருவரும் தேட ஆரம்பித்தார்கள். கம்பத்தில் பழைய கார் விற்கிற இடத்தில் ஒன்று நின்றது. புது பெயிண்டில் பளபளவென்று இருந்தது. ஆண்டனி ராஜ் பானெட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தார். பிலவேந்திரன் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டார். விற்கிறவர் சுந்தர்ராஜ் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"என்னங்கய்யா, மயக்கமா?"

"இல்லப்பா. சும்மா உக்காந்து பாக்குறேன்."

அவருக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த சீட்டிலிருந்து தெரிந்ததுதான். கதவு சாத்தும்போது என்ன சத்தம் வரும், கண்ணாடியை இறக்க எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், கியர் மாற்றும்போது ரோசம்மாளின் வளையல் எந்த இடத்தில் உரசும். இந்தக் கதவோ தகரடப்பா மாதிரி கடகடத்தது. ஆண்டனி ராஜும் உதட்டைப் பிதுக்கினார். தரைவிரிப்புக்கு அடியில் துரு, துருவுக்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் பெயிண்ட்.

சின்னமனூரில் ஒன்று பார்த்தார்கள். வண்டி கெட்டி, ஆனால் உள்ளே பின்சீட்டை எடுத்துவிட்டுப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். போடியில் பார்த்ததை ஒரு மழைவெள்ளம் முன்னாலேயே பார்த்திருந்தது. தை போய் மாசி வந்தது. வீட்டில் ரோசம்மாள், "அண்ணனும் நீங்களும் எங்கன சுத்திட்டு வாரீக?" என்று கேட்டாள். "உரம் விசாரிக்க" என்றார். அவர் இயல்பிலேயே பேச்சுக் குறைந்த மனுசன் என்பதால் அவளும் மேலே கேட்கவில்லை.

பங்குனியில் பெரியகுளத்திலிருந்து தகவல் வந்தது. அரசாங்க ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற சீனிச்சாமி என்பவருக்கு மாந்தோப்புக்கு நடுவில் வீடு. கொட்டகையில் துணி போர்த்தி நின்றது கார். அவர் துணியை விலக்கினார். அதே வெள்ளை. பம்பரில் ஒரு கீறல் இல்லை. பிலவேந்திரன் இடதுபக்கம் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம், கனமில்லாமல், ஆனால் ஒழுங்காகப் பொருந்துகிற சத்தம், அப்படியே இருந்தது.

"கண்ணு சரியாத் தெரியல. ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக" என்றார் சீனிச்சாமி. "நெறையப் பேரு கேட்டு வந்தாக. வெட்டி ஒட்டி ரேஸ் வண்டியாக்கணும்னு ஒருத்தன். பாகம் பாகமாக் கழட்டி விக்க ஒருத்தன். குடுக்கல. நீங்கதான் ஓட்டப் போறீகளா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கய்யா. எம் வீட்டுக்காரி ஓட்டுவா."

சீனிச்சாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து அவரைப் பார்த்தார். "அப்ப அவுகளக் கூட்டிட்டு வாங்க. ஓட்டுறவுக வராம எப்பிடிக் குடுக்க?"

மாம்பழம் வாங்கலாம் என்று சொல்லித்தான் மறுவாரம் கூட்டிப்போனார். "பங்குனியில ஏது மாம்பழம்?" என்று பஸ்ஸிலேயே கேட்டுவிட்டாள். பிலவேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொட்டகைக்கு முன்னால் நின்றபோது ரோசம்மாளின் முகம் மலரவில்லை. இறுகியது.

"நான் கேட்டனா?" என்றாள் மெதுவாக, சீனிச்சாமிக்குக் கேட்காதபடி. "இந்த வயசுல எனக்கு எதுக்கு இது?"

இரண்டு மூன்று மாதமாக அவர் சேர்த்து வைத்திருந்த சந்தோசமெல்லாம் கால்வழியாக இறங்கிப்போன மாதிரி இருந்தது. சீனிச்சாமிதான் சாவியை நீட்டினார். "வாங்கலைன்னாலும் பரவால்லம்மா. ரொம்ப நாளா நின்னே கெடக்கு. ஒரு ரவுண்டு ஓட்டிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

அவர் கேட்டதற்காகத்தான் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். புடவை முந்தியை இடுப்பில் செருகினாள். முதல்முறை வண்டி உலுக்கிவிட்டு அணைந்தது. இரண்டாம் முறையும். "ஸ்டியரிங் என்ன இந்தக் கனங் கனக்குது. அப்பயும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்றாள். மூன்றாம் முறை கார் நகர்ந்தது. மாந்தோப்புகளுக்கு நடுவே மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் திருப்பினாள். கிளட்சை மிதிக்கும்போது முழங்கால் வலித்தது அவள் முகத்தில் தெரிந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது. தோப்புப் பிஞ்சு வாசம் ஜன்னல் வழியாக வந்தது.

"காரு இல்லையேன்னு நான் ஒரு நாளும் ஏங்குனதில்ல" என்றாள் ரோசம்மாள், ரோட்டைப் பார்த்தபடி.

"அன்னைக்கு மாப்பிள்ளை கார்ல ஒங் காலு பிரேக் பிடிச்சுச்சே."

"அது பயம். தம்பி பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டுறாரு." சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "நான் ஏங்குனது வேற. வீட்ல நீங்க பேச மாட்டீக. தோட்டத்துலருந்து வருவீக, சாப்பிடுவீக, படுத்துருவீக. கார்ல ஏறி உக்காந்தா மட்டும் பேசிக்கிட்டே வருவீக. எம் மூஞ்சியப் பாக்காம ரோட்டப் பாத்துப் பேசுறதுனாலயோ என்னமோ. கெணறு, கொடி, ஒங்க அப்பா, சின்ன வயசுல பாம்பு பாத்தது, எல்லாம் நீங்க சொல்லிக் கேட்டது கார்லதான். வண்டி போச்சு, பேச்சும் போச்சு."

தான் பேசியதே பிலவேந்திரனுக்கு நினைவில்லை. அந்தப் பதினோரு வருசத்தில் அவள் ஓட்டியதை, அவள் வளையலை, அவள் வளைவில் ஹாரன் அடிக்கிற பக்குவத்தைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். அவள் வேறொன்றைக் காதில் வைத்திருந்திருக்கிறாள்.

திரும்பி வந்து இறங்கியதும் ரோசம்மாளே சீனிச்சாமியிடம் போனாள். "முட்டி வலிக்குதுங்க சார். ஆனாலும் எடுத்துக்கிறோம். நீங்க வச்சிருந்த மாதிரியே வச்சுக்குவோம்." சீனிச்சாமி தலையாட்டிவிட்டு, போர்த்தும் துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

ஆர்.சி. புத்தகம் பெயர் மாறி வந்தபிறகு, சித்திரையில் ஒருநாள் போய்க் காரை எடுத்துக்கொண்டார்கள். சீனிச்சாமி வாசல் வரைக்கும் கூடவே நடந்துவந்து, ரோட்டில் வண்டி வருகிறதா என்று பார்த்து, கையைக் காட்டி அனுப்பினார். தேனி நெரிசலில் ரோசம்மாளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. வீரபாண்டி தாண்டி ரோடு சாவகாசமானது. வலதுபக்கம் மலை கூடவே வந்தது. பிலவேந்திரன் பேச நினைத்து வாயெடுத்தார். பேச வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் ஒன்றும் வரவில்லை. சின்னமனூர் வயல்கள் வருகிறவரைக்கும் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

"அந்தக் கெழக்குப் பந்தல் இருக்குல்ல" என்றார் திடீரென்று. "கொடியெல்லாம் கெழடு தட்டிப்போச்சு. பிடுங்கிரலாமான்னு ரெண்டு வருசமா ஒரு யோசன."

"பிடுங்கிட்டு?"

"அதான் தெரியல. கொய்யா வைக்கலாம்னு ஒரு நேரம் தோணுது. சும்மா போட்டு வச்சிருவமான்னும் தோணுது. வேலைக்கு ஆளு கெடைக்கல. எனக்கும் முன்ன மாதிரி ஏணியில ஏறி நிக்க முடியல, காலு நடுங்குது."

கால் நடுங்குகிறது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ரோசம்மாள் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி மூன்றாவது கியரைப் போட்டாள்.

"சொல்லுங்க, கேக்குறேன்" என்றாள்.