கிளட்ச் மேல் இரண்டு விரல்

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கும். மார்க்கெட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சும்மா பழக்கம் என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்தேன்.

ஒரு தடவை கிராண்ட் பிரி ரேஸ் பார்க்க என்னைக் கூட்டிப் போனார். உலகம் பூராவும் சுற்றி ஓட்டுகிறவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து பஸ் ஏறிப் போய், வெயிலில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது எல்லாமே டூ ஸ்ட்ரோக் வண்டிகள். ரம்பத்தால் தகரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் நீலப் புகை. எல்லோரும் யார் முன்னால் போகிறார் என்று பார்த்தார்கள். என் கண் கைகளில்தான் நின்றது. அத்தனை பேரும் கிளட்ச் மேல் இரண்டு விரல் வைத்திருந்தார்கள்.

"ஏங்க, எல்லாரும் உங்கள மாதிரியே புடிச்சிருக்காங்க?"

"ஓடும்போது இஞ்சின் ஜேம் ஆனா பின் சக்கரம் அப்படியே நின்னுரும், புள்ள. ஆளத் தூக்கி எறிஞ்சிரும். அதுக்குள்ள கிளட்ச அமுக்கணும்."

"அமுக்காட்டி?"

"அமுக்கிருவோம்லா," என்று சிரித்தார்.

அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

அவரும் ரேஸ் ஓட்டியவர்தான். கிராண்ட் பிரி அளவுக்கு இல்லை. எங்கள் பேராக் மாநிலத்தில் ஊருக்கு ஊர் ரோட்டை அடைத்து வைக்கிற ரேஸ்களில் ஓட்டினார். அந்த வண்டிக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலக்காவிட்டால் இஞ்சின் உள்ளே காய்ந்து, கொஞ்ச தூரத்திலேயே ஜேம் ஆகிவிடும். கலக்குகிற வேலை என்னுடையது. அளவு ஜாடியின் எண்கள் எனக்குப் பிடிபடாது. நான் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்து மங்கு ஒன்று வைத்திருந்தேன். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற கிண்ணம் அது. அதற்குள் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு கேன் பெட்ரோலுக்கு அந்தக் கோடு வரைக்கும் எண்ணெய். விளக்கெண்ணெய் சேர்ந்த ரேஸ் எண்ணெய். வண்டி ஓடினால் அது கருகுகிற வாசனை ரோடு முழுக்க நிற்கும்.

படித்த மெக்கானிக்குகள் கலந்த வண்டிகள் பாதி வழியில் நின்றிருக்கின்றன. என் மங்கு அளந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. இதை நான் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

ஆனால் ஒவ்வொரு ரேஸுக்கும் முதல் நாள் சண்டை போடுவேன். "இந்தத் தடவ கலக்க மாட்டேன், பாத்துக்குங்க" என்பேன். விடியும்போது கலந்து வைத்திருப்பேன். அவரும் ஒரு தடவைகூடக் கேனைத் திறந்து பார்த்ததில்லை. அப்படியே எடுத்து ஊற்றுவார்.

அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. இப்போதும் டிவியில் கிராண்ட் பிரி பார்ப்பார், சத்தத்தை அடைத்துவிட்டு. இப்போது வருவதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். "வண்டியா இது? லாரி மாதிரி உறுமுது" என்பார். போன வருஷம் அவருடைய பழைய கூட்டாளிகள் ஒன்று சேர்ந்தார்கள். அவரவர் டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்து, சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு பழைய தோட்டத்து ரோட்டில் ஒவ்வொருவராக ஓட்டுவதாக ஏற்பாடு. நான் மரம் சீவிய தோட்டம். இப்போது ரப்பரை வெட்டிவிட்டு, அது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை.

"உங்களுக்கு எழுபத்தொண்ணு. முட்டியில இரும்பு வச்சிருக்கு," என்றேன்.

"இரும்புக்கு ஏதுலா வயசு?"

"நெஜமா சொல்றேன். எண்ண கலக்க மாட்டேன். என் கையால உங்கள அனுப்ப மாட்டேன்."

சாயங்காலம் என் தம்பி பெட்ரோல் கேனைக் கொண்டுவந்து வாசலில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போனான். நான் மங்குக் கிண்ணத்தைத் தொடவில்லை. கலக்காவிட்டால் போகமாட்டார் என்று நம்பினேன்.

காலையில் தம்பியின் லாரி வந்தது. வண்டியை ஏற்றினார்கள், கேனையும் ஏற்றினார்கள். சரி, தம்பி கலந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை.

தோட்டத்தில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. எல்லாவற்றிலும் நீலப் புகை, விளக்கெண்ணெய் வாசனை. ஒருவர் போய்த் திரும்பிய பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும், ரப்பர் பால் நிறுத்த பழைய பால் ஸ்டோர் வரைக்கும். இவர் முறை வந்ததும் தம்பி கேனைச் சாய்த்து ஊற்றினான். வண்டியைத் தள்ளி ஓடவிட்டு ஏறினார். முதலில் கொஞ்சம் புகை வந்தது. பழைய குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய்தான் அது. பிறகு புகையே இல்லை. வாசனையும் இல்லை.

கத்தியிருக்கலாம். பத்து ஆம்பிளைகள் நின்றார்கள். நான் கலக்கவில்லை என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று ஒரு மூச்சு நேரம் நின்றேன். ஒரே மூச்சுதான். அதற்குள் வளைவு தாண்டிப் போய்விட்டார்.

"தம்பி, எண்ண யாருடா கலந்தது?"

"நீங்கதானேக்கா? எப்பவும் நீங்கதானே!"

"நான் கலக்கலடா."

அவன் முகம் வெளுத்தது. செம்பனைக்கு அந்தப் பக்கம் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஏற ஏற மெலிந்து, காய்ந்து, தொண்டை வறண்டவன் கத்துகிற மாதிரி ஆனது. டக்கென்று நின்றது.

பிறகு ஒன்றுமே இல்லை. விழுகிற சத்தம் வருமென்று காது கொடுத்து நின்றேன். அதுகூட வரவில்லை. தம்பி லாரியை எடுத்தான். அந்த ரோட்டில் ஒவ்வொரு வளைவையும் எனக்குத் தெரியும், எந்த வளைவில் கால்வாய் ஆழம் என்றும் தெரியும். நான் பால் வாளி தூக்கி நடந்த ரோடு. ஆழமான கால்வாயைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, கண்ணத் தொறங்க. உக்காந்திருக்காரு."

ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு ஒன்று, என் இரண்டு கை நீளம். அதற்கு மேல் இல்லை. அங்கேதான் கிளட்சை அமுக்கியிருக்கிறார். வண்டி செம்பனை மரத்தில் சாய்ந்திருந்தது. அவர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. இரண்டு விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

"பொழச்சிட்டீங்க மச்சான்," என்று தம்பி அழுகிற குரலில் சொன்னான்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஏ புள்ள, நெஜமாவே கலக்கலையா?"

"சொன்னேன்ல."

"எத்தன தடவ சொல்லிருப்ப. எப்பவும் கலந்துருவியே."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு விரல்களையும் நீட்டிவிட்டேன். நீட்ட நீட்ட மடங்கின.

வண்டியை விற்கச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இஞ்சினைச் சரி செய்து, மாதம் ஒரு தடவை அதே கூட்டாளிகளோடு போகிறார். நான் இப்போது மாட்டேன் என்று சொல்வதே இல்லை. முதல் நாளே மங்குக் கிண்ணத்தை எடுத்து, சிவப்புக் கோட்டை வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்து, ஊற்றிக் குலுக்கி வைக்கிறேன். காலையில் அவர் கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். இத்தனை வருஷமாக மோந்து பார்க்காத மனுஷன். முதல் தடவை பார்த்தபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வாரம் மறந்துவிட்டார். கேனை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். நானே பின்னால் ஓடினேன்.

"இருங்க. மூடியத் தொறந்து மோந்து பாத்துட்டுப் போங்க."