புரட்டாதிச் சனியும் வாத்துத்தொடையும்

மொன்றியலுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் அருளம்பலத்திடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இங்க எங்க போனா நல்லாச் சாப்பிடலாம்?" அவர் வாய் திறப்பதற்குள் அவர்களே முடிவெடுத்துவிடுவார்கள். கடைசியில் எல்லா வண்டிகளும் போய் நிற்பது கொத்துரொட்டிக் கடை வாசலில்தான்.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், கல் பாவிய தெருவொன்றில் இருக்கும் பிரெஞ்சு உணவகத்தில் அவர் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறார். முதல் ஆறு வருடம் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். பிறகு சலாட் வெட்டினார். மூன்று வருடமாக அடுப்பில் நிற்கிறார். உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மெல்ல மெல்ல வேகவைத்த வாத்துத்தொடைக்கு அந்தக் கடை பேர்போனது. அதைச் செய்வது அருளம்பலம்தான்.

ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் தங்கை பத்மாவுக்கு அவர் இன்னமும் கோப்பை கழுவுகிற அண்ணன். தொலைபேசியில் சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஒருநாள் வந்து சாப்பிடட்டும், நாக்கு சொல்லும் என்று காத்திருந்தார்.

2006 செப்டம்பர் கடைசியில் பத்மா வருவதாகச் சொன்னாள். ஒரே ஓர் இரவுதான் தங்கல். அருளம்பலம் தலைமைச் சமையல்காரரிடம் ஒரு மேசை வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த மனிதர் சனிக்கிழமை ஏழு மணிக்கு ஜன்னலோர மேசையையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். "சமைத்து முடித்ததும் நீயும் போய் அவர்களோடு உட்கார்" என்றார். அருளம்பலம் அன்றே ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி வைத்தார்.

சனிக்கிழமை மதியம் பியர்பொன்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. பத்மாவின் மகள் ஹர்ஷினி இறங்கும்போதே கையில் இணையத்தில் எடுத்த தாள்கள். "மாமா, மொன்றியல் யூரோப் மாதிரியாம். எங்க சாப்பிடவேணும் எண்டு லிஸ்ட் இருக்கு. உங்கட ரெஸ்ரோரண்டும் இருக்கு! டக் கட்டாயம் சாப்பிடவேணுமாம்."

அருளம்பலத்துக்கு உச்சி குளிர்ந்தது. "பின்னேரம் அங்கதான் போறம். மேசை பிடிச்சு வைச்சிருக்கிறன்."

பத்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "இண்டைக்கோ? என்னண்ணை கதைக்கிறியள்? புரட்டாதிச் சனியெல்லே, சனீஸ்வர விரதம்!"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதின்மூன்று வருடமாகச் சனிக்கிழமை என்றால் அவருக்குக் கடையில் கூட்டம் கூடும் நாள், வேறொன்றும் இல்லை. மனைவி கிறேஸ் கத்தோலிக்கர். வீட்டுச் சுவரில் தொங்குவதும் தேவாலயக் கலண்டர். அதில் எந்தச் சனீஸ்வரன் இருக்கப்போகிறார்?

"மரக்கறி தனியாச் செய்யலாம் பத்மா. அங்க இப்ப நான்..."

"அந்தச் சட்டிக்குள்ள காலமை என்ன கிடந்துதோ!"

"நாளைக்குப் போவமே."

"நாங்கள் விடிய வெளிக்கிடவேணும். இவளுக்குத் திங்கள் பள்ளிக்கூடத்தில சோதினை."

எப்படியும் ஞாயிறு கடை பூட்டு. பத்மாவின் கணவன் ஜெயராம் சிரித்தபடி சோபாவில் சாய்ந்தான். "விடுங்கோ மச்சான். நீங்கள் கழுவின கோப்பையில சாப்பிடக் குடுத்துவைக்கேல்லை எண்டு நினைப்பம்."

ஹர்ஷினி மட்டும், "நான் விரதம் இல்லைத்தானே, நான் போறன்" என்றாள். பத்மா பார்த்த பார்வையில் தாள்கள் மடிந்து பைக்குள் போயின.

கிறேஸ் அவசர அவசரமாகப் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தாள். காகத்துக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. பின்வளவில் வாழையிலை இல்லாமல் கடதாசித் தட்டில் சோறு வைத்தார்கள். காகம் வரவில்லை. கொழுத்த அணில் ஒன்று வந்து சோற்றைக் கிளறியது.

"அணில் திண்டாக் கணக்கில்லை" என்றான் ஜெயராம். அதைக் கலைத்துவிட்டு எல்லோரும் பசியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அருளம்பலத்துக்கு நேரமாகிவிட்டது. சாப்பிடாமலே பஸ்ஸுக்கு ஓடினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான், வெள்ளைச் சட்டையையும் அவசரத்தில் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தது தெரிந்தது.

"ஏன் வரமாட்டார்கள்?" என்று தலைமைச் சமையல்காரர் கேட்டார். சனி ஒரு கிரகம், அதற்குக் கோபம் வரும், காகம் முதலில் சாப்பிடவேண்டும் என்று அருளம்பலம் விளக்கப் பார்த்தார். அவருடைய பிரெஞ்சு சோஸ் கிண்டப் போதும், சனீஸ்வரனுக்குப் போதாது. "உடம்பு சரியில்லை" என்று முடித்தார். மேசையை யாரோ ஒரு பொஸ்ரன் தம்பதிக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு வாத்து நன்றாகவே வந்தது. தோல் மொறுமொறுவென்று இருந்தது. அந்தத் தம்பதியின் தட்டில் எலும்பைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்தபோது அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

ஞாயிறு காலை, முதல்நாள் இரவு கடையிலிருந்து கொண்டுவந்த நான்கு தொடைகளைப் பெட்டியில் போட்டுப் பத்மாவிடம் கொடுத்தார். "இண்டைக்கு விரதம் இல்லைத்தானே. இது..."

"மச்சான், டிரபிக் துவங்கமுதல் வெளிக்கிடவேணும்" என்று ஜெயராம் ஹோர்ன் அடித்தான். போகிற வழியில் கொத்துரொட்டிக் கடை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பத்மா தொலைபேசியில் வந்தாள். "அண்ணை, அந்தத் தாராக்கால் நல்ல ருசி! இவர் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினவர், இன்னும் திறம். உங்கட குசினியில ஆர் சமைக்கிறது? வெள்ளையோ?"

அருளம்பலம் ஒரு மூச்சு எடுத்தார். மூன்று வருடம் வைத்திருந்த சொல். "நான்தான்."

அங்கே சிரிப்புக் கேட்டது. "சும்மா பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை பத்மா. மூண்டு வருசமா நான்தான்."

பிறகு அவள் உண்மையான அக்கறையோடு கேட்டாள்:

"அப்ப, கோப்பை ஆர் கழுவுறது?"

"அதுக்கு ஆள் இருக்கு" என்றார் அருளம்பலம். பக்கத்தில் நின்ற கிறேஸிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சப்பாத்தைத் தேடினார்.