திரேஸ்புரத்து வலம்புரியும் என் ஓட்டைப் பல்லும்

தூத்துக்குடிக் கடலில் ஏழு ஆள் ஆழம் முங்கிச் சங்கு எடுத்தவன் நான். இது பொய். வள்ளத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நனைந்தேன், அவ்வளவுதான். சங்கை எடுத்தவன் என் கூட்டாளி சூசை. ஆனால் சங்கோடு நான் நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. அந்தப் படம் அவன் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறினேன். சாயர்புரம் வழி, முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம், காதில் செல்போன் பேச்சு. எனக்கு லோடு ஆட்டோ ஓட்டும் வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு நிம்மதியடைந்தது. வண்டி ஓட்டும்போது சினிமாப் பாட்டு அலுத்துப்போய், கிரேக்க நாட்டுப் பழைய கிழவர்களைப் பற்றி ஒருவர் தமிழில் பேசுவதைக் கேட்கப் பழகியிருந்தேன். கண்ணால் காண்பதெல்லாம் நிஜமா என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர்களாம். அவர்களுக்கு வண்டித் தவணை கிடையாது போலிருக்கிறது.

பெயர்கள் என் வாயில் நிற்காததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் விட்ட கம்பு வளைந்து தெரிகிறதே, கண்ணை எப்படி நம்புவது என்று கேட்டவர் கம்புக் கிழவர். குகைக்குள் சங்கிலியில் கட்டிப்போட்ட ஆட்கள், பின்னால் எரியும் தீயால் சுவரில் விழும் நிழல்களையே உலகம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள் என்றவர் குகைக் கிழவர். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, முடிவு கட்டாமல் இருந்தால் மனசு அமைதியாகும் என்றவர் சந்தேகக் கிழவர். மூவரில் இவர்தான் எனக்குப் பிடித்தவர். பேங்கில் இருந்து போன் வரும்போது இவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து திரேஸ்புரம் சேர்ந்தேன். நானும் சூசையும் குவைத்தில் ஒரே அறையில் மூன்று வருஷம் கிடந்தவர்கள். அவன் இப்போது சங்கு குளிக்கப் போகிறான். முத்துக்குப் பேர்போன கடல்தான். முத்து குளிக்கிற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சங்குதான் இப்போது சோறு போடுகிறது.

இரவுச் சாப்பாட்டுக்குச் சாளைக் குழம்பு. எனக்கு முன்பல் ஒன்று கிடையாது, இடப்பக்கம். சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டுகிறேன் என்று ஒரு கல்யாண வீட்டில் வீரம் பேசியதன் மிச்சம். மீன்முள் அந்த ஓட்டை வழியாகத் தானே வெளியே வருவதைப் பார்த்து, எதிரே உட்கார்ந்திருந்த சூசையின் மனைவி ரோஸ்லினுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வள்ளம் கிளம்பியது. வள்ளத்துக்குச் சொந்தக்காரர் மிக்கேல் அண்ணன் சுக்கான் பிடித்தார். சூசையோடு குளிக்கிற ஆட்கள் இரண்டு பேர். வெயில் ஏறியதும் தூரத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் தண்ணீரைத் தொடாமல் ஆகாயத்தில் நின்றது. கடலுக்கும் கப்பலுக்கும் நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் அப்படித்தான் தெரியுமாம்.

ஆழம் குறைந்த இடத்தில் சூசை நீளக்கம்பை ஊன்றினான். தண்ணீர் தொட்ட இடத்தில் கம்பு ஒடிந்து தெரிந்தது. நான் கம்புக் கிழவரின் கதையை எடுத்துவிட்டேன்.

"ஏலே பெருமாளு, கம்பு நேராத்தான் இருக்கு. நீதான் அரைமணி நேரமா வளைஞ்சு கெடக்க" என்றான் சூசை.

உண்மைதான். குமட்டிக்கொண்டு வந்தது. சந்தேகக் கிழவர் ஒருமுறை கப்பலில் போனபோது புயல் அடித்ததாம். எல்லாரும் அலற, ஒரு பன்றி மட்டும் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்ததைக் காட்டி, மனுஷன் இப்படி இருக்க வேண்டும் என்றாராம். நானும் வாந்தி வருவதுபோல் தோன்றுகிறது, வருமா வராதா என்று முடிவு கட்ட வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். வயிறு முடிவு கட்டிவிட்டது.

பதினொரு மணி வாக்கில் சூசை எடுத்துவந்த சங்குகளில் பெரியதாக ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கழுத்தளவு இறங்கி, சங்கை முகத்தருகே பிடித்து, பல்லெல்லாம் தெரிய ஒரு செல்ஃபி. கரைக்கு வந்ததும் சங்குகளை மூட்டையாகக் கட்டி வியாபாரியின் கோடவுனில் போட்டார்கள். நான் படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். "கடலுக்கு அடியில் இருந்து" என்று எழுதினேன். வெட்கமே இல்லை.

சங்கு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊதும் முனையைக் கீழே வைத்து, வாயை நம் பக்கம் திருப்பினால், திறப்பு இடப்பக்கம் இருக்கும். அது இடம்புரி. கடலில் கிடைப்பதெல்லாம் அதுதான். திறப்பு வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. லட்சத்தில் ஒன்று என்பார்கள். கிடைத்தால் வள்ளத்தில் போன அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. ஒருவன் ஒளித்தால் அப்புறம் எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து எட்டரை மணிக்கு மிக்கேல் அண்ணனும் அந்த இரண்டு பேரும் சூசை வீட்டு வாசலில் நின்றார்கள்.

"சூசை, வலம்புரிய எங்க வச்சிருக்க?"

"எந்த வலம்புரி?"

அவர் செல்போனை நீட்டினார். என் மூஞ்சி, பக்கத்தில் சங்கு. திறப்பு வலப்பக்கம். படம் எங்கெங்கோ சுற்றி அவரிடமே வந்திருந்தது.

"அது இடம்புரிதாண்ணே. மூட்டையோட மூட்டையா கோடவுன்ல போட்டாச்சு."

"கோடவுன்ல கேட்டாச்சு. அங்க கெடக்கது எல்லாம் இடம்புரி."

"அதத்தானண்ணே நானும் சொல்லுதேன்."

"அப்ப இது எங்க?"

சூசை எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. நாளையிலிருந்து வள்ளத்துக்கு வரவேண்டாம் என்று மிக்கேல் அண்ணன் சத்தம் போடாமல் சொன்னார். ரோஸ்லின் உள்ளே போய் அரிசி டிரம்மை இழுத்து வந்து அவர்கள் காலடியில் கவிழ்த்தாள். தேடிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்கதான படம் பிடிச்சீய. சொல்லுங்க."

செல்போனை வாங்கிப் பார்த்தேன். படத்தில் இருந்தது வலம்புரியேதான். கையில் பிடித்தபோது எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நான் பார்த்தது என் மூஞ்சியை. "படத்துல வலம்புரிதான் இருக்கு" என்றேன். சூசை என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். குகையில் கட்டுண்டவர்களில் நானும் ஒருவன். அதைவிடக் கேவலம், தீயை மூட்டியவனும் நான்தான்.

ரோஸ்லின் செல்போனைப் பிடுங்கினாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, சிரிங்க."

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் சிரித்தேன்.

"இந்தப் பல்லு இந்தப் பக்கந்தான இல்ல? படத்துல ஏன் அந்தப் பக்கம் போயிருக்கு?"

மூன்று ஆண்பிள்ளைகள் வரிசையாக வந்து என் வாய்க்குள் குனிந்து பார்த்தார்கள். நேரில் இடப்பக்கப் பல் இல்லை. படத்தில் வலப்பக்கப் பல் இல்லை. ரோஸ்லின் தன் குழந்தைக்குப் பால் புகட்டிய சின்னச் சங்கை எடுத்துவந்து என் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். கையில் இடம்புரி. எடுத்த படத்தில் வலம்புரி. கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றித்தான் என் செல்போன் படம் பிடிக்கிறது. மிக்கேல் அண்ணன் சங்கைத் திருப்பித் திருப்பிப் பிடித்து நாலைந்து படம் எடுத்துப் பார்த்தார்.

"காலைல அஞ்சு மணிக்கு வந்திரு" என்று சூசையிடம் சொல்லிவிட்டு, குனிந்து அரிசியை அள்ளி டிரம்மில் போடத் தொடங்கினார். மற்ற இருவரில் ஒருவன் அந்தப் பால்சங்கோடு தன்னையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

மதியம் ஒரு மணிக்குச் சூசை என்னை பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் நகரும்போது ஜன்னல் அருகே வந்து, "ஏலே, நெசமாவே அது இடம்புரிதான? நான் சரியாப் பாக்காம மூட்டையில போட்டுட்டனோ?" என்றான். கடலுக்கடியில் தன் கையால் எடுத்தவன் கேட்கிறான். என் பல்லைக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. நெல்லும் வாழையும் எந்தக் கேமராவில் பிடித்தாலும் நெல்லும் வாழையும்தான். சூசைக்கு அந்தச் சந்தேகக் கிழவர் சொன்ன இன்னொரு பேச்சைப் போன் போட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கிழவர் என்ன சொன்னார் என்றால்...

வாசலில் இருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். "ஏங்க, இங்கன வாங்க. ஏரல்ல இருந்து ரெண்டு பேரு வந்திருக்காவ. வலம்புரியப் பாக்கணுமாம்."

இருங்கள், பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன்.