மூட்டைக்கும் ஐநூறு, டெம்போவுக்கும் ஐநூறு

குப்பைக்கு அபராதம் போடுகிறவனுக்குக் கல்யாணப் பத்திரிகை வராது. எனக்குப் பல வருஷம் வரவில்லை. ஆபீஸில் சுகாதார ஆய்வாளர், தெருவில் குப்பை ஆபீசர். திருப்பூரை ஒட்டிய ஒரு நகராட்சி. பெயர் வேண்டாம், பென்ஷன் அந்த வேலைக்குத்தான் வருகிறது. ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீதி வீதியாகப் பேச்சு வாங்கிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் தப்பில்லை, பாதிதான் புரியும்.

ரேட் போட்ட அன்று

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் சந்துக்கு ஒரு பனியன் கம்பெனி. துணி வெட்டும்போது விழுகிற துண்டுகள், கட்டிங் வேஸ்ட் என்போம், சாக்கடையிலும் குட்டையிலும் ரோட்டோரத்திலும் கிடந்தன. கமிஷனர் கூப்பிட்டு, அபராதப் பட்டியல் ஒன்று எழுதிக் கொண்டுவா என்றார். எழுதினேன். வீட்டுக்கு ஐம்பது ரூபாய். கம்பெனிக் கழிவுக்கு மட்டும் அளவு பார்த்து: ஒரு மூட்டைக்கு இவ்வளவு, ஒரு டெம்போவுக்கு அதைப் போலப் பத்து மடங்கு. ஒரே பெயரில் மூன்று ரசீது சேர்ந்தால் இடத்துக்கு சீல். கம்பெனிக்காரர்கள் பயப்படட்டும் என்று அதைச் சேர்த்ததும் நான்தான்.

மன்றக் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கம்பெனி இருந்தது. மூட்டையை யார் எண்ணுவது, அரை டெம்போவுக்கு என்ன ரேட்டு, மழையில் நனைந்த மூட்டைக்கு என்ன ரேட்டு என்று ஒன்றரை மணி நேரம் இழுத்தார்கள். எனக்குப் பொறுமை என்றைக்கும் கிடையாது. பசி வேறு. பேனாவை எடுத்து இரண்டு வரியையும் அடித்துவிட்டு, ‘கம்பெனிக் கழிவு, தடவைக்கு ஐநூறு’ என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்து மல்லுக்கட்டியிருக்கலாம். கட்டவில்லை. வெளியே வரும்போது ஒரு கவுன்சிலர் என் தோளைத் தட்டினார்.

“இத மொதல்லயே பண்ணியிருந்தா எல்லாரும் நேரத்துக்குச் சோத்துக்குப் போயிருக்கலாமுங்க.”

முதல் ரசீது

முதல் ரசீது ஒரு மாடி வீட்டு அம்மாவுக்கு. என் கண்ணுக்கு முன்னால் கேரி கவரை முடிச்சுப் போட்டு மேலிருந்து சாக்கடைக்குள் வீசினார். மேலே போய் ரசீது எழுதினேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நோட்டை நீட்டினார். பிறகு சாக்கடையைக் காட்டி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“ஏனுங்க, அம்பது ரூவா குடுத்துட்டா அந்தக் கவர நீங்களே எடுத்துட்டுப் போயிருவீங்களா?”

எட்டுப் பெயர்

குட்டைக் கரையில் ஒரு டெம்போ கையும் களவுமாகச் சிக்கியது. வண்டி நிறைய வேஸ்ட். கம்பெனி மேனேஜர் பைக்கில் வந்தார். வாதாடவில்லை. ஐநூறைக் கொடுத்து ரசீது வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த மாதமும் அதே வண்டி, அதே டிரைவர், அதே மேனேஜர். குப்பைக் கிடங்குக்கு அனுப்பினால் டீசலுக்கும் ஏற்றிறக்கக் கூலிக்கும் இதைவிட அதிகம் ஆகும் என்று எனக்கே கணக்குச் சொன்னார். இப்படியே போனால் மூன்றாவது ரசீதில் சீல் வைத்துவிடுவேன் என்று மிரட்டினேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை.

“போன மாசம் அண்ணன் கம்பெனி பேர்ல எழுதுனீங்க. இந்த மாசம் அண்ணி கம்பெனி பேர்ல போட்டுருங்க. மொத்தம் எட்டு கம்பெனி இருக்குதுங்க.”

புகை

ஐநூறு கொடுக்க மனமில்லாதவர்கள் கொட்டிவிட்டுக் கொளுத்த ஆரம்பித்தார்கள். சாயத் துணியும் எலாஸ்டிக்கும் எரிந்தால் நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை புகார் எழுதினார். போனபோது குட்டைக் கரையில் ஒரு கம்பெனி வாட்ச்மேன் குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் தலையை ஆட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“கொட்டுனாத்தானுங்க ரேட்டு? எரிக்கறதுக்கு நீங்க ஒண்ணும் எழுதலீன்னு ஓனர் சொன்னாருங்க.”

லேபிள்

உண்மைதான், எழுதவில்லை. அந்த எரிச்சலோடு சாம்பலை ஒதுக்கி, பக்கத்தில் எரியாமல் கிடந்த ஒரு மூட்டையைக் குடைந்தேன். கழுத்து லேபிள் சுருள் ஒன்று கிடைத்தது. லேபிளை வைத்துக் கம்பெனியைப் பிடிப்பதில் எனக்கு அப்போது ஒரு கர்வம். நேரே அந்தக் கம்பெனிக்குப் போனேன். வேஸ்டை வியாபாரிக்கு விற்றாயிற்று என்று பில்லைக் காட்டினார்கள். வியாபாரி, வெள்ளை தனி கலர் தனி என்று பிரிக்க வெளியே கொடுத்திருக்கிறேன், பிரித்ததைத்தான் திரும்ப எடுப்பேன், மிச்சம் என் பொறுப்பு இல்லை என்றார். விலாசம் மட்டும் கொடுத்தார்.

அது ஒரு லைன் வீடு, முன்னால் தகர ஷெட். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த செல்வமேரி என்கிற பெண். கம்பெனியில் செக்கிங் வேலையில் நின்று நின்று முட்டி போய்விட்டது. அதனால் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து வேஸ்ட் பிரிக்கிறார். யாருக்கும் ஆகாத எலாஸ்டிக், லேபிள், பாலிதீன் எல்லாம் வாரத்துக்கு ஒரு மூட்டை மிஞ்சும். அதைத் தலையில் சுமந்துபோய்க் குட்டையில் போட்டிருக்கிறார். வீட்டுக் குப்பை வண்டியில் பனியன் வேஸ்ட் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவிலும் என் கையெழுத்துதான். மன்றக் கூட்டத்தில் நான் அடித்த வரி இருந்திருந்தால் ஒரு மூட்டைக்குச் சொற்பம். இப்போது டெம்போக்காரருக்கும் அவருக்கும் ஒரே ரேட்டு. ஐநூறு எழுதினேன். அவர் மறைக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“நான்தான் சார் போட்டேன். எங்க போடணும்னு சொல்லுங்க, அடுத்த வாட்டி அங்க போடுதேன்.”

மூட்டைக்கு நடுவில்

நான் இடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல இடமும் இல்லை. அவர் பெயரில் இரண்டாவது ரசீதை எங்கள் துப்புரவு மேஸ்திரி எழுதிக்கொண்டு வந்தான், நல்ல வேட்டை என்ற முகத்தோடு. செல்வமேரிக்கு எட்டுப் பெயர் இல்லை, ஒரே பெயர்தான். இன்னொன்று எழுதினால் ஷெட்டுக்கு சீல், நாலு பெண்களுக்கும் வேலை போச்சு. மேஸ்திரியைத் திட்டினேன். அவனுக்கு ஏன் என்றே புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். குட்டைக் கரை சுத்தமாக இருந்தது. மிச்ச மூட்டைகளை எல்லாம் அவர் வீட்டுக்குள்ளேயே அடுக்கிவிட்டார். ஒற்றை அறை. மூட்டைகள் ஓடு வரைக்கும் ஏறியிருந்தன. நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத்தான் தரை, சுவரில் மாதா படத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கத்தினேன். அவர் அடுப்பைக் காட்டினார்.

“சமையல வெளிய மாத்திட்டேன் சார். நீங்க பயப்படாதீங்க.”

கூட்டம்

அன்றைக்கே ஒரு தாள் எழுதினேன். டெம்போவுக்குப் பத்து மடங்கு. வேஸ்ட் பிரிக்கிறவர்களின் மிச்சத்தை எடுக்க வாரம் ஒரு நாள் தனி வண்டி. கமிஷனர் படித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, கூட்டத்தில் நிதானமாகப் பேசுங்கள் என்றார். இரண்டு தடவை சொன்னார், நிதானமாக என்று.

கூட்டத்தில் ஒரு கவுன்சிலர், வண்டிக்கு என்ன செலவு ஆகும், அடுத்த மாதம் அறிக்கை வையுங்கள், பார்க்கலாம் என்றார். நியாயமான கேள்விதான். ஒரு மாதம் பொறுத்து அறிக்கை வைத்திருந்தால் வண்டி வந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஊரில் குப்பை கொட்டுவதே நீங்கள்தானே, உங்களுக்கு எதற்கு அறிக்கை என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். தாள் கட்டுக்கு அடியில் போனது. கவுன்சிலர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

“கொட்டறமுன்னே வச்சுக்குங்க. ரசீதுக்குப் பணம் கட்டறமுல்லீங்க?”

மூன்றாவது ரசீது

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வமேரி சர்ச்சுக்குப் போயிருந்தார். லைன் வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தவர், ஜன்னல் வழியாக மூட்டைகளைப் பார்த்துப் பயந்து, பூட்டை உடைத்து, ஆள் வைத்து அத்தனையையும் ரோட்டில் எறிந்துவிட்டார். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் திரும்ப முடியாமல் நின்றது. எனக்குப் போன் மேல் போன்.

எறிந்தது வீட்டுக்காரர். ரசீதை அவர் பெயரில் எழுதியிருக்கலாம். எழுதினால் வாதம், பஞ்சாயத்து, ஒரு வாரம் இழுக்கும். எனக்கு அந்த நிமிஷமே ரோடு காலியாக வேண்டும். வேஸ்ட் யாருடையது என்று கேட்டேன். என்னுது சார் என்றார் செல்வமேரி. எழுதிவிட்டேன். எழுதி முடித்து, கிழித்துக் கொடுத்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்று எனக்கு உறைத்தது. கிழித்த ரசீதை ஒட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

மற்ற மூன்று பேருக்கும் வேறு இடம் பார்த்துச் சொல்ல இரண்டு நாள் கேட்டார். ஒரு நாள் கொடுத்தேன். மறுநாள் அரக்கும் துணியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடம். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நான் உள்ளே பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

“பெருக்கியாச்சு சார். உள்ள ஒண்ணும் இல்ல, பாத்துட்டே பூட்டுங்க.”

முப்பது வருஷ சர்வீசில், ஒரு நூல் மிச்சமில்லாமல் நான் சுத்தம் பண்ணிக் காட்டிய இடம் ஊரிலேயே அது ஒன்றுதான்.